நாற்பத்து மூன்றாவது வரிசை

வாலில் ஒரு வரிசைச் செதில் கூடுதலாக இருந்தது.

வடிவம்மாள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். கூடாரத்துக்குள் பகலிலும் பாதி இருட்டு. நாலு பக்கமும் கறுப்புத் துணி, மேலே தார்ப்பாய், நடுவில் நீலத்தாள் சுற்றிய ஒற்றைக் குழல்விளக்கு. அந்த வெளிச்சத்தில் சாம்பல் நிற ரெக்சின் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கையில் எண்ணிக்கை தவறுவது அதிசயம் இல்லை. அதனால் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வால் நுனியில் ஆள்காட்டி விரலை வைத்து, வரிசை வரிசையாக மேலே ஏறினாள். இடுப்புக்கு வந்தபோது நாற்பத்து மூன்று. இடுப்பிலிருந்து திரும்பக் கீழே இறங்கினாள். நாற்பத்து மூன்று.

அவள் தைத்தது நாற்பத்திரண்டு. நான்கு வருஷத்துக்கு முன்னால் சாத்தான்குளத்து வீட்டில், மெஷின் ஊசிக்கு அடங்காத கனம் என்பதால் கையாலேயே, வரிசைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தைத்த வால் அது. ரெண்டு தையல் முன்னே, ஒரு தையல் பின்னே, நாலுக்கு ஒரு முடிச்சு. அந்த முடிச்சை இருட்டில் தடவிப் பார்த்தே தன்னுடையது என்று சொல்லிவிடுவாள். புதிதாக வந்திருந்த வரிசையின் விளிம்பை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். ரெண்டு முன்னே. ஒன்று பின்னே. முடிச்சு.

நூல் ஈரமாக இருந்தது.

"ஏங்க, வால நீங்க எதுவும் தொட்டீங்களா?"

வாசல் பக்கம் மைக் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்த பொன்னுதுரை திரும்பாமலே பதில் சொன்னார். "நான் ஏன் தொடப் போறேன்? எனக்கு ஊசியில நூலு கோக்கத் தெரியுமா?"

"ஒரு வரிசை கூடக் கெடக்கு."

"எண்ணுனது தப்பிருக்கும். மாதா கோயில்ல கொடியேத்தியாச்சு, சனம் வந்துட்டு இருக்கு, நீ செதில எண்ணிட்டு இருக்க."

அவர் வால் கிடக்கும் பலகையின் பக்கமே திரும்புவதில்லை. இந்த வருஷம் தூத்துக்குடிக்கு வந்து கூடாரம் அடித்ததிலிருந்து ஒரு தடவைகூட அவர் அதை நேராகப் பார்த்து அவள் கண்டதில்லை.

கடல்கன்னி காட்சி என்றால் தென்மாவட்டத்துப் பொருட்காட்சிகளில் தெரியாதவர்கள் கிடையாது. கூட்டத்தைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தித் திரையைத் திறந்தால், சாய்வான பலகையின் மேலே இடுப்புவரை ஒரு பெண்; இடுப்புக்குக் கீழே மீன். பலகையில் ஓர் ஓட்டை இருக்கும். பெண் அதன் வழியாக உடம்பை மேலே நீட்டிக்கொண்டு, கால்களை அடியிலுள்ள குழிவுக்குள் மடக்கிக்கொள்வாள். சரித்து வைத்த கண்ணாடி அந்தக் குழிவை மறைத்துவிடும். பெருவிரலில் கட்டிய தூண்டில் நரம்பைச் சுண்டினால் மேலே வால் துடிக்கும். பொன்னுதுரை மைக்கில் கேள்வி கேட்பார், கன்னி பதில் சொல்வாள். ஐந்தே கேள்வி. உன் பேரென்ன, எந்தக் கடல், என்ன சாப்பிடுவாய், யாரைப் பார்க்க வந்தாய் என்று போய்க் கடைசியாக, "கன்னி, நீ ஏன் இப்படி ஆன?"

"பெத்தவங்க பேச்சக் கேக்கல. அதனால பாதி மீனாயிட்டேன்."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் சனம் வருவது. கூட்டத்தில் ஏதாவது ஒரு தாய் பிள்ளையின் தோளைப் பிடித்துக் குலுக்கி, "கேட்டியா? நல்லாக் கேட்டுக்கோ" என்பாள். அதை எழுதி, மனப்பாடம் பண்ண வைத்து, எந்த எழுத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தவள் வடிவம்மாள். சொன்னவள் அவர்களுடைய ஒரே மகள் இசக்கிசெல்வி. பிளஸ் டூ முடித்த கையோடு பலகையில் ஏறியவள், மூன்று வருஷம் சொன்னாள்.

இப்போது அந்த ஓட்டையில் செருகியிருப்பது ஒரு பொம்மை. மூடிப்போன துணிக்கடை ஒன்றிலிருந்து பொன்னுதுரை தூக்கிவந்த, சேலை கட்டி நிறுத்துகிற பிளாஸ்டிக் பொம்மையின் மேல்பாதி. குரல் மட்டும் செல்வியுடையது. ஒரு தடவை அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஐந்து பதிலையும் செல்போனில் பதிந்து வைத்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் நரம்பையும் மறு கையில் செல்போனையும் வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அழுத்துவது வடிவம்மாளின் வேலை.

"கூடாரத்த மடிச்சு வெச்சிட்டு வீட்ல ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு இருக்கச் சொல்லுதியா?" என்று பொன்னுதுரை கேட்டபோது அவள் மறுத்துப் பேசவில்லை. அவருக்கு அது காரணம். அவளுக்கு வேறு காரணம். ஒரு நாளைக்குப் பதினைந்து காட்சி. பதினைந்து தடவை அந்தக் குரல்.

இரண்டாம் நாள் காலையில் நாற்பத்தைந்து.

மூன்றாம் நாள், இடுப்புக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள இணைப்பை மறைக்க அவள் கட்டியிருந்த சிப்பி ஒட்டியாணத்தைக் காணவில்லை. தேடினாள். பலகைக்கு அடியில், மூட்டைகளுக்கு இடையில், கூடாரத்து ஓரத்து மணலில். கடைசியில், செதில்களைத் தடவும்போது உள்ளே கரடுமுரடாகத் தட்டுப்பட்டது. ஒட்டியாணம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. செதில்கள் அதன்மேல் ஏறி மூடிக்கொண்டு மேலே போயிருந்தன.

உப்பு வாடை அடித்தது. இந்த ஊரில் எங்கே நின்றாலும் உப்பு வாடைதான், உப்பளத்துக் காற்றும் துறைமுகத்துக் காற்றும் மாறி மாறி வீசுகிற ஊர். ஆனால் இது வேறு. வெயிலில் காயாத உப்பு. ஆழத்தில் நெடுநாள் கிடந்த ஏதோ ஒன்றைத் தூக்கிக் கரையில் போட்டால் வருகிற, குளிர்ந்த, லேசாக இனிக்கிற வாடை. அவளுக்கு அந்த வாடை தெரியும். போன வருஷம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், டெட்டால் நெடியையும் மீறி அது வந்தது.

அவள் பிளேடை எடுத்தாள். தைத்தவளுக்குப் பிரிக்கத் தெரியாதா? மேல் வரிசையின் முதல் முடிச்சை அறுத்து, நூலை மெல்ல உருவினாள். ஒரு செதில் விலகியது. கீழே பொம்மையின் மஞ்சள் பிளாஸ்டிக் இருக்க வேண்டும்.

வெளிறிய, ஊறிப்போன தோல் இருந்தது. ஊசி போன துளைகள் வரிசையாக. துளைகளிலிருந்து தெளிந்த நீர் கசிந்து பலகையில் சொட்டியது.

செல்போன் முக்காலியில் அணைந்து கிடந்தது. ஒலிபெருக்கியின் ஒயர் கழற்றித் தனியே கிடந்தது. அப்படியும் எங்கிருந்தோ, பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுக்கிறவர்கள் இழுக்கிற மூச்சு கேட்டது.

"ஸ்ஸ்..."

சின்ன வயதில் முள் எடுக்கும்போது செல்வி அப்படித்தான் மூச்சிழுப்பாள். கத்த மாட்டாள்.

வடிவம்மாள் ஓடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. ஊசியில் நூல் கோத்து, பிரித்த செதிலை மறுபடி அதே துளைகளில், வலிக்காமல், மெதுவாக, ரெண்டு முன்னே ஒன்று பின்னே என்று தைத்து மூடினாள். முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடிக்கையில் உதட்டில் உப்புக் கரித்தது.

"ஏளா வடிவு, இங்கன வா. ஒரு அப்பளம் தின்னுட்டுப் போ. மூஞ்சியப் பாத்தா மூணு நாளாத் தண்ணி காட்டாத மாடு மாதிரி இருக்க."

ஐந்தாம் நாள் கூப்பிட்டவள் பக்கத்துக் கடை கிரேசி. திரேஸ்புரத்துக்காரி, வருஷா வருஷம் திருவிழாவுக்கு இதே இடத்தில் டெல்லி அப்பளம் போடுகிறவள். வடிவம்மாளைவிட நாலு வயது மூத்தவள். வாய் ஓயாது.

"மரணக் கிணத்துல பைக் ஓட்டுதவன் வந்து, அக்கா எண்ணெய் ஜாஸ்தி, ஒடம்புக்கு ஆவாதுங்கான். தெனமும் பதினஞ்சு தடவ சாவப் போறவன் பேசுத பேச்சப் பாத்தியா?" சிரித்துக்கொண்டே சட்டியில் அப்பளத்தைப் புரட்டினாள். பிறகு, "பொம்மைக்குப் புதுசா நெஞ்சு வரைக்கும் தைச்சிருக்கியே. காலையில எட்டிப் பாத்தேன். அசல் மீனு தோத்துச்சு போ. எங்க தெருக்காரிக ரெண்டு பேரு பாத்துட்டு வந்து ஒரே பேச்சு."

"நீங்க பாத்தீங்களாக்கா? நெஞ்சு வரைக்குமா?"

"என்னளா இப்படிக் கேக்க? தைச்சவ நீதான?"

வடிவம்மாள் அப்பளத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ராட்டினம் கிறீச்சிட்டுச் சுற்றியது. கோயில் ஒலிபெருக்கியில் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை சத்தத்துக்கு நடுவில், தன் கண் பொய் சொல்லவில்லை என்பது நெஞ்சுக்குள் கல்லாக இறங்கியது.

கிரேசி குரலைத் தாழ்த்தினாள். "செல்வி நெனப்பு வந்துட்டா? வராம இருக்குமா. மாதா பாத்துக்கிடுவா. நீ ஒன்னப் போட்டு அறுத்துக்காத."

அறுத்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

போன வருஷம் இதே திருவிழாவில், ஏழாம் நாளன்று, செல்விக்கு நர்சிங் காலேஜில் சேரவேண்டிய தேதி வந்தது. மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவளாகவே விண்ணப்பம் போட்டு வாங்கிய இடம். "தேதி தாண்டுனா சீட்டு போயிரும்மா" என்றாள். "பத்து நாளு முடியட்டும். ஒனக்காகத் திருவிழாவ நிறுத்துவாங்களா?" என்றாள் வடிவம்மாள். பேச்சு வளர்ந்தது. செல்வி பையை எடுத்துக்கொண்டு கூடார வாசல் வரைக்கும் போய்விட்டாள். அப்போது வடிவம்மாளின் வாயிலிருந்து அது வந்தது. வந்த வார்த்தையை அவள் இன்றுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

"பெத்தவ பேச்ச மீறிப் போ. முழு ஒடம்போட திரும்பி வர மாட்ட, பாத்துக்கோ."

செல்வி பையைக் கீழே வைத்தாள். பலகையில் ஏறிப் படுத்தாள். அன்றைக்குப் பதினைந்து காட்சியிலும் ஐந்து பதிலையும் ஒரு பிசகில்லாமல் சொன்னாள். மறுநாள் விடியக்காலம், "கடல்ல முகம் கழுவிட்டு வாரேம்மா" என்று போனாள்.

போன ஐந்தாம் நாள் வேம்பார் பக்கத்தில் வலையில் வந்தாள். விசைப்படகின் விசிறியில் மாட்டியிருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் பொதிந்து கொடுத்தவர், "முகத்த மட்டும் பாருங்கம்மா. இடுப்புக்குக் கீழ அவுக்காதீங்க" என்றார். வடிவம்மாள் அவிழ்க்கவில்லை. வண்டியில் வரும்போது மேலோடு கையை வைத்தாள். துணியோடு பழகிய கை. இடுப்புக்குக் கீழே, நீளத்துக்காக, துணியைச் சுருட்டி வைத்துக் கட்டியிருந்தார்கள்.

கால் தவறி விழுந்தாளா? தானாக இறங்கிப் போனாளா? பார்த்தவர்கள் யாரும் இல்லை. வடிவம்மாளுக்கு அந்த ஒரு கேள்விதான் மிச்சம். நான் சொன்ன சொல்லுக்காகப் போனியா?

இந்த வருஷம் ஆறாம் நாள் செதில்கள் தோள்பட்டையைத் தொட்டன. அதே நாளில் முகம் மாறத் தொடங்கியது.

கீழிருந்து செதில் ஏற ஏற, மேலிருந்து முகம் இறங்கியது. நெற்றியில் பிளாஸ்டிக்கின் பளபளப்பு போய்ச் சின்னச் சின்ன வியர்க்குருக்கள் வந்தன. மையால் வரைந்த புருவம் உதிர்ந்து, நடுவில் லேசாகக் கூடுகிற செல்வியின் புருவம் முளைத்தது. ஏழாம் நாள் மூக்கு. எட்டாம் நாள் கன்னமும், வெயிலில் வெடித்த மேலுதடும், அதன் ஓரத்தில் கடுகளவு மச்சமும். கண் மூடியிருந்தது. இமைக்குள் விழி உருள்வது தெரிந்தது. தூங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு உள்ளே, ஒரு வருஷமாகக் காய்ந்து கிடந்த மாரில் என்னமோ ஊறியது.

கழுத்தை மூடி, எட்டாம் நாள் சாயந்தரம் செதில்கள் தாடைக்குக் கீழே வந்து நின்றன.

அவள் கணக்குப் போட்டாள். ஒரு ராத்திரிக்கு இரண்டு, மூன்று வரிசை. தாடைக்கு ஒன்று. கீழுதட்டுக்கு ஒன்று. அடுத்தது வாய். வாய் மூடிவிட்டால் கேட்க முடியாது. கேட்டால் பதில் வராது. இப்போதே கேட்டாக வேண்டும்.

கேட்கவில்லை. "ஆமாம்மா, ஒன் சொல்லுக்காகத்தான் போனேன்" என்று அந்த வாய் சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு எதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைத் தள்ளுவது? அடுத்த காட்சி முடியட்டும் என்றாள். அதற்கடுத்தது முடியட்டும் என்றாள். பொன்னுதுரை வழக்கம்போலப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார். ஐந்தாவது பதில் வருகிறபோது மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அவள் பொத்தானை அழுத்தினாள். கடைசிக் காட்சியில், அழுத்துவதற்கு முன்னாலேயே பதில் வந்தது.

கையிலிருந்த நரம்பு விண்ணென்று இறுகியது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் இரண்டு மணி. ஆடி மாதத்து வெயிலில் பொருட்காட்சித் திடல் செத்துக் கிடந்தது. ராட்டினம் நின்றிருந்தது. கிரேசி கடைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு நிழலில் சாய்ந்திருந்தாள். பொன்னுதுரை சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிக் காட்சிக்குத்தான் வருவார். தார்ப்பாய்க்குள் வெக்கை கொதித்தது. பலகையைச் சுற்றி மட்டும் குளிர். நீல விளக்கு ஒரு தடவை சிமிட்டி நிலைத்தது.

தாடை மூடியிருந்தது. கீழுதடு மூடியிருந்தது. மேலுதட்டு ஓரத்தில் மச்சத்தைத் தொட்டுக்கொண்டு முதல் செதில் படுத்திருந்தது. வாயில் ஒரு விரல்கடை இடைவெளி. அதன் வழியாக மூச்சு போய்வந்தது. ஈர மூச்சு.

"செல்வி."

இமை திறந்தது.

கண் செல்வியின் கண்தான். சிவந்து, தூக்கம் கெட்டு, கோபமே இல்லாமல்.

வடிவம்மாள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஒண்ணு கேக்கட்டா? நான் அன்னைக்குச் சொன்னேன்ல. முழு ஒடம்போட வர மாட்டன்னு. அதுக்காகவாளா போன? தவறி விழுந்தியா, நீயா எறங்குனியா? எதுன்னாலும் சொல்லிரு. ஆமான்னு சொன்னாலும் சரி. அம்மா கேட்டுக்கிடுதேன்."

வாய் அசைந்தது. செதில் இழுபட்டது. நூல் போன துளையில் நீர் துளிர்த்தது.

"பெத்தவங்க பேச்சக் கேக்கல..."

"அது வேண்டாம்! அது நான் எழுதிக் குடுத்தது. நீ சொல்லு. ஓஞ் சொல்லு."

எங்கோ துறைமுகத்தில் கப்பல் ஒன்று சங்கு ஊதி ஓய்ந்தது. பிறகு, மிகச் சின்னதாக, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை தண்ணீர் கேட்பதுபோல, அந்த இடைவெளி வழியாக வந்தது.

"எம்மா. எந்திரிக்க முடியல. என் காலு எங்கம்மா?"

வடிவம்மாள் காதை அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"தேதி தாண்டிரும்மா. போவணும். காலு எங்க?"

தவறி விழுந்தவளா, தானாக இறங்கியவளா? அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே கரைந்து போயிற்று. பிள்ளைக்கு அது தெரியவே இல்லை. செத்ததுகூடத் தெரியவில்லை. ஒரு வருஷமாக எழுந்து போகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று.

"இருக்குளா. இந்தா இருக்கு."

அவள் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். பலகையில் ஏறினாள். செதில்களின் குளிர் உடம்பெல்லாம் ஏற, மகளை ஒட்டி, இடுப்போடு இடுப்பாகப் படுத்தாள். தன் இரண்டு கால்களையும் வாலின்மேல் போட்டாள்.

"எங்காலு இருக்கு. எடுத்துக்க. நீ போ. அம்மா இங்கன இருந்துக்கிடுதேன்."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தார்ப்பாய் காற்றில் ஒரு தடவை உப்பி அமுங்கியது.

பிறகு, இடுப்பில், ஊசி.

வலி இல்லை. சில்லென்ற நூல் ஒன்று சதைக்குள் போய்ச் சதைக்கு வெளியே வந்தது. ரெண்டு முன்னே. ஒன்று பின்னே. முடிச்சு. அவளுடைய கைத்தையல் அது. அவளுடைய கை அவள் நெஞ்சின்மேல் சும்மா கிடந்தது.

கால் மரத்தது.

பிறகு கால் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். ரெண்டு முன்னே. ஒன்று பின்னே. பக்கத்தில் பலகை கிறீச்சிட்டது. கனமான, ஈரமான எதுவோ அவளை விட்டுப் பிரிந்து நகர்ந்தது. மணலில் ஒரு பாதம் ஊன்றியது. இன்னொன்று.

நிற்கிறாள். எம்மகள் நிற்கிறாள்.

வெளியே மைக் கரகரத்தது. "வாங்க வாங்க! மூணு மணிக் காட்சி! பாதி மனுசி, பாதி மீனு!" கயிற்றுக்கு அப்பால் காலடிகள், சிரிப்புகள், பீப்பீ சத்தம். பொன்னுதுரை உள்ளே வந்து, பலகைப் பக்கம் திரும்பாமலே, பழக்கத்தில், திரைக்கயிற்றை இழுத்தார்.

திரை விலகியது. வெளிச்சம் அடித்தது. வடிவம்மாள் கண்ணைத் திறந்தாள்.

இடுப்புக்குக் கீழே அவளுக்குச் சாம்பல் நிற வால். அது தானாகத் துடித்தது. கூட்டம் ஓவென்று கூவியது.

அவள் தலையைத் திருப்பினாள். முதலில் கால்கள்தான் தெரிந்தன. அவளுடைய கால்கள். கெண்டையில் சுருண்ட பச்சை நரம்பு. பித்தவெடிப்பு. இரண்டாம் விரலில் கல்யாணத்தன்று பொன்னுதுரை போட்ட மெட்டி. கால்கள் தள்ளாடி, பழகி, இரண்டடி வைத்து, வாசலைப் பார்த்து நின்றன.

பார்வை மேலே போனது. முழங்கால். தொடை. இடுப்பு.

இடுப்பிலிருந்து செதில்.

வயிறு, செதில். நெஞ்சு, செதில். தோள் இருந்த இடத்தில் கையே இல்லை, உடம்போடு ஒட்டிய இரண்டு துடுப்பு. வாயை மூடிய வரிசை அங்கே நிற்கவில்லை. மச்சத்தைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, உச்சிவரை போய் முடிந்திருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இமையில்லாத இரண்டு வட்டக் கண்கள். ஒரு கண் வாசலைப் பார்த்தது. ஒரு கண் அவளைப் பார்த்தது.

"பாத்தீங்களா, இன்னைக்கு ரெண்டு!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கைதட்டல். ஒரு தாய் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்தாள். பொன்னுதுரை முதுகைக் காட்டியபடியே முதல் கேள்வியைக் கேட்டார்.

அதன் கழுத்தில் பிளவு ஒன்று விரிந்தது. சிவப்பாக. மூடியது. விரிந்தது. வாய் வட்டமாகத் திறந்து காற்றைக் கடித்தது. காற்று அதற்கு உள்ளே போகவில்லை. திறந்தது. மூடியது. வேகமாக. இன்னும் வேகமாக. அதைத் தாங்கிய வடிவம்மாளின் கால்கள் தள்ளாடின.

கடல் ரொம்பத் தூரம் இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினால் பத்து நிமிஷம்.

வடிவம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். வால் பலகையை அறைந்தது. மறுபடி அறைந்தது. சனம் மறுபடி கைதட்டியது. மூன்றடி தூரத்தில், அவளுடைய கால்களில் நின்றபடி, அவளைப் பார்த்தபடி, அவள் மகள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.